தோட்டத்துப் பேஸ்காரருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ராக் பேண்டு வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் பேஸ் கிட்டாரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன. ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. பேஸ்னா சாதா கிட்டார்ல ரெண்டு கம்பி குறைச்சல், அவ்வளவுதானே?

இல்லை. சாதா கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளுக்கு உள்ள அதே சுரங்கள்தான் (இ, ஏ, டி, ஜி) பேஸிலும். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. அடிமட்ட இ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், மெல்லிய ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே இறங்கியும் கம்பி தொளதொளக்காமல் இருக்க, அது தடியாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். 1951ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜ் (உடம்பில் கம்பியைப் பூட்டிய தாங்கி) வரை கம்பி நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்களில் அதே அளவுதான்.

வேலையும் வேறு. சாதா கிட்டார் பெரும்பாலும் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) வாசிக்கும். எந்த சுரத்தின் மேல் அந்தக் கார்டு நிற்கிறது என்பதை முடிவு செய்வது பேஸ். மேலே கிட்டார் சி மேஜர் வாசிக்கும்போது கீழே நீங்கள் ஏ வாசித்தால், கேட்பவர் காதுக்கு அது ஏ மைனர் செவன். கிட்டார்காரர் விரலை அசைக்காமலே அவருடைய கார்டை நீங்கள் மாற்றிவிடலாம்.

2. கீழ நின்னு பாத்தா பேஸ் சத்தமே கேக்கல. எதுக்கு ஒரு ஆளு?

தனியாகக் கேட்காது, இல்லாவிட்டால் தெரியும். பாட்டின் நடுவில் பேஸை எட்டு அடிக்கு நிறுத்திவிட்டுத் திரும்ப நுழையுங்கள். ஆடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் தயங்கி, பிறகு கத்துவார்கள். கைப்பேசிக் காணொளியில் கேட்கவில்லை என்றால் அது கைப்பேசியின் குறை. அதற்குக் கேள்வி 15.

3. பழைய பேஸ் ஒண்ணு விலைக்கு வருது. எதப் பாத்து வாங்கணும்?

ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) நல்ல பழைய பேஸ் கிடைக்கும். நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஈப்போ அரை மணி நேரத் தூரம்தான்.

முதலில் கழுத்து. உடம்புப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தின் இரண்டு ஓரங்களையும் நோக்குங்கள். முன்னும் பின்னும் வளைந்திருந்தால் சரிசெய்யலாம், முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். பிறகு டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) திருகு. உள்ளே ஆலன் சாவி (அறுகோணச் சாவி) இறுகப் பிடிக்கிறதா, வழுக்கிச் சுற்றுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தேய்ந்துபோன திருகு என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நட்டம். கூச்சப்படாமல் ஆலன் சாவியைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்து நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கீற்று) வாசியுங்கள். ஜி கம்பியில் 5 முதல் 7 ஃபிரெட் வரை ஏதோ ஒரு சுரம் சட்டென்று செத்துவிடும். திருகிப் பூட்டிய கழுத்துள்ள பேஸ்கள் பலவற்றில் இது உண்டு, கழுத்து மரத்தின் அதிர்வால் வருவது. அதை மட்டும் வைத்து விலக்க வேண்டியதில்லை. வால்யூம் குமிழ் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் போதும். கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக் (கேபிள் சொருகும் துளை) போயிருக்கிறது. அது மலிவான வேலை, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாக்கு.

4. நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

முதல் பேஸ் என்றால் நாலு. ஐந்தாவது கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். தோட்டத்துக் கோயில் திடலில் வாடகைக்கு வரும் ஸ்பீக்கர் பலவற்றில் அது சத்தமாக வராது, அதிர்வாகக்கூட வராது. பாட்டு டி-யில் இருக்கிறது, கீழ் டி வேண்டும் என்றால் இ கம்பியை ஒரு முழுச் சுரம் தளர்த்தினால் போதும்.

5. என் மகளுக்கு 12 வயசு, கை சின்னது. பேஸ் தாங்குமா?

தாங்கும். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் (கம்பி நீளம் குறைந்த) பேஸ் வாங்கிக் கொடுங்கள். பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி வாசிக்கும் ஹோஃப்னர் பேஸ் அந்த நீளம்தான், அதைப் பிள்ளைகள் சாமான் என்று யாரும் சொல்வதில்லை. கம்பி வாங்கும்போது மட்டும் ஷார்ட் ஸ்கேலுக்கு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு பேஸ் என்று வீட்டில் யாராவது இழுத்தால் மும்பையைச் சேர்ந்த மோகினி டேயின் வாசிப்பைப் போட்டுக் காட்டுங்கள்.

6. அண்ணன்கிட்ட கிட்டார் ஆம்ப் இருக்கு. அதுலயே சொருகிக்கலாமா?

வீட்டில், சின்ன சத்தத்தில் வாசிக்கலாம். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கக் கூடாது. கிட்டார் ஸ்பீக்கரின் கோன் (காகிதக் கூம்பு) பேஸின் தாழ்ந்த சுரத்துக்கு வேண்டிய அவ்வளவு முன்னும் பின்னும் அசையச் செய்யப்பட்டதல்ல. சத்தத்தைக் கூட்டினால் முதலில் பரபரக்கும், பிறகு கிழியும். கீபோர்டு ஆம்ப் இருந்தால் அது பரவாயில்லை.

வீட்டுக்கு 30 வாட் போதும். டிரம்ஸ்காரர் பக்கத்தில் நின்று வாசிக்க 200 முதல் 300 வாட் வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி இணைத்தால் ஓம் (மின்தடை அளவு) கணக்கு பாருங்கள். 8 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். ஆம்பின் பின்புறம் ‘குறைந்தது 4 ஓம்’ என்று இருந்தால் இரண்டாவது கணக்கில் ஆம்ப் சூடேறிப் போய்விடும். பெட்டிக்குப் போகும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளும் அதே மாதிரிதான் இருக்கும், பொருந்தவும் பொருந்தும். ஆனால் உள்ளே கம்பி மெல்லிசு, சூட்டில் உருகும்.

7. மழை மாசத்துல கழுத்து வளைஞ்சு கம்பி கிர்ர்னு அடிக்குது. யாருகிட்ட கொடுக்கிறது?

ஆலன் சாவி கையில் இருந்தால் நீங்களே செய்யலாம். ஈரக் காற்றில் மரம் உப்பும், ஏர்கான் அறையில் வற்றும். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறு. அதனால் ஊகித்துத் திருகாமல் அளந்துவிட்டுத் திருகுங்கள்.

கம்பியைச் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். இ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது கம்பி நேர்கோடு. 7, 8 ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தடித்த பெயர் அட்டை ஒன்று உரசாமல் நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் இறுக்குங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் எதிர்ச்சுற்றில் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளங்கள். மறுநாள் ஒரு முறை பாருங்கள், மரம் மெதுவாகத்தான் நகரும்.

கம்பி உயரம் அதற்குப் பிறகுதான். 12ஆவது ஃபிரெட்டில் இ கம்பி 2 முதல் 2.5 மில்லிமீட்டர், ஜி கம்பி 1.5 முதல் 2. கடைசியாக பிரிட்ஜ் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு தாங்கி). 12ஆவது ஃபிரெட்டின் மேல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக வேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலைக் கழுத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மறுபடி செய்வீர்கள்.

8. கம்பி ரெண்டு மாசத்துல துருப்பிடிச்சிருது. கொதிக்க வச்சா புதுசாயிடும்ங்கிறாங்களே?

பாதி உண்மை. கம்பிச் சுற்றுக்குள் அடைந்த வியர்வையும் அழுக்கும் கொதிநீரில் போகும். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டினால் சில வாரம் பளிச்சென்று ஒலிக்கும். துருப்பிடித்த கம்பி திரும்பி வராது. உறை பூசிய கம்பிகளையும் தட்டைச் சுற்று கம்பிகளையும் கொதிக்க வைக்காதீர்கள்.

அதைவிட வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடைப்பது மேல். பையில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பேஸைக் கல் சுவரில் சாய்க்காதீர்கள், காரின் பின்பெட்டியில் மதியம் முழுக்க விடாதீர்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் சொருகினாலே அது ஓடத் தொடங்கிவிடும். வாசிக்காதபோது கேபிளைக் கழற்றி வையுங்கள்.

9. பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டுறேன். ராத்திரி பேஸ எடுத்தா விரல் மரத்துப்போவுது.

நீண்ட கழியில் அரிவாளைப் பிடித்து நாள் முழுக்க இழுக்கும் கைக்கும் பேஸ் வாசிக்கும் கைக்கும் உழைப்பது ஒரே முன்கைத் தசைதான். வேலை முடிந்து வந்ததும் எடுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது கழியட்டும். தொடங்கும்போது மெதுவான பாட்டு, பெரிய இடைவெளி.

இடது கைப் பெருவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு ஒரு பாட்டை வாசித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் தேவைக்கு மேல் நெரிக்கிறீர்கள். ஃபிரெட்டின் ஓரத்தை ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும். கம்பியை 45-105 செட்டிலிருந்து மெல்லிய 40-95 செட்டுக்கு (எண்கள் கம்பியின் தடிமன்) மாற்றுங்கள், உயரத்தைக் குறையுங்கள் (கேள்வி 7). வாரை முழங்கால் வரை இறக்கிவிட்டு மணிக்கட்டை மடக்கி வாசிப்பது பார்க்க அழகு, கைக்கு ஆகாது. இரவில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வது மாதிரி இருந்து தூக்கம் கலைந்தால் அது மணிக்கட்டு நரம்பு அழுந்துவதன் அறிகுறி. தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் கிளினிக் போங்கள்.

10. ஷிஃப்ட் வேலை. லயத்து வீடு, பலகைச் சுவரு. எப்ப, எப்படிப் பழகுறது?

தாழ்ந்த சுரம் பலகையைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும், சத்தத்தைக் குறைத்தாலும் போகும். ஹெட்ஃபோன் துளையுள்ள சின்ன ஆம்ப் ஒன்று வாங்கிக்கொள்வது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

அரை மணி நேரம் தினமும் என்பது ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரத்தைவிட நல்லது. முதல் ஐந்து நிமிடம் ஒரே சுரம், மெட்ரோநோம் (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) 60ல், இரண்டு விரலும் மாறி மாறி, ஒவ்வொரு அடியும் ஒரே அளவு சத்தத்தில். கேவலமாகத் தெரியும், செய்து பாருங்கள். பத்து நிமிடம் வாசிக்காத கம்பிகளை அடக்கும் பழக்கம். இ கம்பியை வலது பெருவிரல் அணைக்கட்டும், மெல்லிய கம்பிகளை இடது விரல்களின் அடிப்பக்கம் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மேடையில் குழப்படியாகக் கேட்கும் பேஸ் பெரும்பாலும் தப்பாக வாசித்ததல்ல, அடக்காமல் விட்ட கம்பி. மிச்ச நேரம் ஒரு பாட்டு. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் புதுசு எதுவும் பழகாதீர்கள், தெரிந்ததை ஓட்டிப் பாருங்கள்.

11. டிரம்ஸ்காரனும் நானும் சேரவே மாட்டேங்கிறோம். யார் மேல தப்பு?

கைப்பேசியில் பதிந்து பாருங்கள், சண்டை குறையும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடிக்கு அரை வினாடி. கிக் டிரம்முக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) உங்கள் சுரத்துக்கும் நடுவே 30 மில்லிவினாடி விலகினாலே ஒன்று இரண்டாகக் கேட்கும்.

சுரம் எங்கே தொடங்குகிறது என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். எங்கே முடிகிறது என்பதைப் பேஸ்காரர்தான் பார்க்க வேண்டும். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) அடி விழும்போது உங்கள் சுரத்தை வெட்டி நிறுத்துங்கள். பேண்டு சட்டென்று இறுகும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து பாருங்கள். பிறகு இரண்டு பேரும் மட்டும், கிட்டாரும் பாட்டும் இல்லாமல், முழுப் பாட்டையும் ஓட்டுங்கள். மெட்ரோநோமை பாதி வேகத்தில் வைத்து, அதன் தட்டை 2, 4 அடிகளாக எண்ணி வாசித்தால் யார் ஓடுகிறார், யார் இழுக்கிறார் என்று தானாகத் தெரிந்துவிடும்.

12. தமிழ்ப் பாட்ட ராக் ஆக்கும்போது பேஸ் எங்கியோ இடிக்குதே?

ராகத்தைப் பார்க்காமல் கார்டை மட்டும் பார்ப்பதால். ராக்கில் பேஸ்காரர் கை தானாகப் போகும் இடம் ரூட்டும் ஐந்தாவது சுரமும், அதாவது சட்ஜமும் பஞ்சமமும். ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. பாட்டு இ சுருதியில் ஹிந்தோளம் என்றால் சுரங்கள் இ, ஜி, ஏ, சி, டி. நீங்கள் பழக்கத்தில் பி-யை அடித்தால் அது தப்பான சுரம். இடிப்பது அங்கேதான். ஐந்தாவதுக்குப் பதில் நாலாவதைப் பிடியுங்கள், மத்தியமம் அங்கே ராஜா.

சுத்த தன்யாசி ராக்காரர்களுக்கு இனிப்பு. அது அப்படியே மைனர் பென்டடானிக் (ஐந்து சுர அடுக்கு). மோகனம் மேஜர் பென்டடானிக். இந்த இரண்டிலும் கைப்பழக்கம் உங்களைக் காப்பாற்றும். பாடகர் கமகம் போடும்போது நீங்களும் கம்பியை இழுத்து நெளிக்காதீர்கள். கீழே ஒருவர் நிலையாக நின்றால்தான் மேலே நெளிவது தெரியும். சறுக்கல் வேண்டுமென்றால் பாட்டு நிற்கும் இடத்தில் போடுங்கள். ஃபிரெட்லெஸ் (ஃபிரெட் இல்லாத) பேஸ் எவ்வளவு அடக்கமாக நெளியலாம் என்பதற்கு ஏ. ஆர். ரஹ்மானிடம் வாசிக்கும் கீத் பீட்டர்ஸைக் கேளுங்கள்.

13. உறுமி மேளத்தோட பேஸ் சேருமா? திருவிழாவுக்கு ஒண்ணு செய்யலாம்னு இருக்கோம்.

சேரும், நம் ஊர் பேண்டு ஒன்று செய்யக்கூடியதில் இதுதான் சுவையானது என்பது எங்கள் கருத்து. ஆனால் உறுமி இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்கக் கூடாது. வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அது கீழிருந்து மேலே ‘ம்ம்ம்’ என்று சறுக்கிப் போகிறது அல்லவா, அது உங்கள் பகுதிக்குள்ளேயே ஒலிக்கும். அந்தச் சறுக்கல் நடக்கும்போது பேஸும் நகர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சறுக்கலின்போது ஒரே சுரத்தைப் பிடித்து நில்லுங்கள், அல்லது வாயை மூடிக்கொள்ளுங்கள். உறுமி குச்சியால் தட்டும் பகுதியில் ஓடுங்கள்.

இன்னொன்று, தோல் ஈரத்தில் தளரும். மாலையில் சேர்த்த சுருதி இரவுப் பனியில் இறங்கிவிடும். மேளக்காரரைச் சுருதிக்கு இழுக்காதீர்கள், மேடை ஏறும் முன் அவர் தட்டிக் காட்டுவதைக் கேட்டு உங்கள் நிலைச் சுரத்தை அதன் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நடையை முதலிலேயே பேசிவிடுங்கள். உறுமி மூன்று மூன்றாக (திஸ்ரம்) போகும்போது டிரம்ஸ்காரர் நாலு நாலாக எண்ணினால் அழகான மோதல் கிடைக்கும், ஆனால் பேஸ் யாரோடு என்று முடிவாகியிருக்க வேண்டும். உறுமியோடு போங்கள். சாமி வரும் இடத்தில் உறுமிக்காரர் நீட்டுவார், குறைப்பார். எத்தனை சுற்று என்று எண்ணாமல் அவர் கையைப் பாருங்கள்.

14. கோயில் திடல்ல ஜெனரேட்டர்ல வாசிச்சா ‘ஊம்ம்’னு இரையுது. மைக்ல வாய் வச்சா ஷாக் அடிக்குது. என்ன செய்ய?

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது உயிர்ச் சங்கதி. உங்கள் ஆம்பும் சவுண்டுக்காரரின் மிக்ஸரும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் கம்பி, கை, வாய், மைக் என்று உங்கள் வழியாகப் போகும். மேடை ஏறும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேஸ் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியாகும் வரை வாசிக்கக் கூடாது. கமிட்டித் தலைவர் அவசரப்படுத்தினாலும் கூடாது. இரைச்சலை நிறுத்த மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள், டேப் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கும், பாதுகாப்பும் போகும்.

இப்போது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் இ கம்பியில் மூன்றாவது ஃபிரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் உங்கள் சுரத்தின் மேலேயே, சற்று ஏறின சுருதியில் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் அவ்வளவு எரிச்சல். பேஸின் கேபிளைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் பேஸ் அல்லது கேபிள். கம்பியைத் தொட்டதும் குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் சரி, பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வெளி இரைச்சலை இழுக்கிறது. சீரியல் விளக்குச் சரத்தைவிட்டு நகர்ந்து நில்லுங்கள். தொட்டதும் அதிகமானால் ஜாக்கில் ஒயர் மாறியிருக்கிறது.

கேபிளைப் பிடுங்கியும் இரைந்தால் எர்த் சுற்று (ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் வழிகள் சேர்ந்து உண்டாகும் வளையம்). மேடையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாகப் போய், அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது. சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் வைத்துக்கொள்வது வாடகை சவுண்டோடு வாழும் பேஸ்காரருக்கு இரண்டாவது பேஸைவிட முக்கியம்.

15. வீட்டுலயே பாட்டு பதியணும். பதிஞ்சா போன்ல பேஸ் காணாமப் போவுது.

இன்டர்ஃபேஸ் (பேஸைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று, கணினி, ஹெட்ஃபோன் போதும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ பொத்தானைப் போடுங்கள், போடாவிட்டால் பேஸ் மொண்ணையாக ஒலிக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு கழித்தல் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும், சிவப்பைத் தொட வேண்டாம். வாசிப்பதற்கும் கேட்பதற்கும் தாமதம் இருந்தால் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு) 128க்கு இறக்குங்கள். கணினி திணறினால் 256. தகரக் கூரையில் மழை அடித்தாலும் பேஸைப் பதியலாம், மைக் இல்லையே. இடி இடித்தால் மட்டும் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

போன் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. 200க்குக் கீழே அதில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பேஸைக் கூட்டக் கூட்டப் பாட்டு சேறாகுமே தவிர போனில் கேட்காது. பேஸ் டிராக்கை இரண்டாகப் பிரதி எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டு மெல்லக் கலந்துவிடுங்கள். அந்த மேல் அதிர்வுகளைக் கேட்டு, கீழ் சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். முதல் டிராக்கில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினால் ஒன்றும் நட்டமில்லை.

16. பேண்டு இல்லாத நாள்ல தனியா என்ன செய்யலாம்? பேஸ மட்டும் வச்சு என்ன ஆகும்?

நிறைய. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976ல் தனி இசைத்தொகுப்பு போட்டபோது பேஸை முன்னால் நிறுத்தி வாசித்தார். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் பேண்டின் பேஸ்காரர் ஃப்ளீ 2001ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இசைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நம் பக்கம் நடக்கக்கூடியது: லூப்பர் பெடல் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் காலடிக் கருவி) ஒன்றில் அடி வரியைச் சுழலவிட்டு, 12ஆவது ஃபிரெட்டுக்கு மேலே மெட்டு வாசிப்பது. குறும்படத்துக்குப் பின்னணி. பேச்சைவிடத் தாழ்ந்து ஒலிப்பதால் வசனத்தை மறைக்காத வாத்தியம் பேஸ், அதனால் படம் எடுப்பவர்களுக்குப் பிடிக்கும்.

தோட்டத்து ஓசைகளைப் பதிந்துவையுங்கள். விடியலில் பால்மரம் சீவும் கத்திச் சத்தம், ஆலைச் சங்கு, குலை லாரியில் விழும் ‘தொப்’. அந்தத் ‘தொப்’பைச் சற்றுச் சுருதி இறக்கி, வால் பகுதியை வெட்டினால் அசல் கிக் டிரம். ஆலைச் சங்கின் சுரத்தை டியூனரில் கண்டுபிடித்து அந்தச் சுருதியிலேயே பாட்டைக் கட்டுங்கள். ஆலை வளாகத்துக்குள் பதிய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே சாலையில் நின்றாலும் சங்கு நன்றாகவே கேட்கும்.

கையில் சூட்டுக்கோல் (சால்டரிங் அயர்ன்) இருந்தால் கேபிள் செய்து கொடுக்கலாம், டோன் குமிழ் மாற்றிக் கொடுக்கலாம். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள சாதாரணப் பேஸுக்கு 250கே (கிலோ ஓம்) குமிழ், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மேலே 473 என்று இருக்கும்). 350 டிகிரி செல்சியஸில் ஈயம் சட்டென்று ஓட வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது பிடிக்காத ஈயம், திரும்பச் சுட வைத்து ஊற்றுங்கள்.

17. தனியா செஞ்சா பேண்டுல மூஞ்ச தூக்குறாங்க.

பெரும்பாலும் இசையால் அல்ல, நாளாலும் பேராலும் வரும் சண்டை. பேண்டு ஒத்திகையில் பிறந்த வரியைக் கேட்காமல் தனிப் பாட்டில் போடாதீர்கள். பேண்டுப் பேரைத் தனி வேலையின் சுவரொட்டியில் போடுவதா என்று முன்பே கேளுங்கள். ஒத்திகை நாள் மாறாது என்று காட்டிவிட்டால் தூக்கிய முகம் முக்கால்வாசி இறங்கிவிடும்.

18. பேஸ் லைன் நான் போட்டது. பாட்டுல எனக்குப் பங்கு உண்டா?

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்ததுமே உரிமை உண்டு, விண்ணப்பம் தேவையில்லை. படைத்தவர் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும் அது நிற்கும். ஆனால் பேஸ்காரர் படைத்தவரா, வாசித்தவரா என்பதுதான் சிக்கல். மெட்டு, வரிகள் எழுதியவர்களையே பெரும்பாலும் படைத்தவராகக் கணக்கிடுவார்கள். பாட்டின் அடையாளமே உங்கள் பேஸ் வரிதான் என்றால், பாட்டு வெளிவரும் முன் பங்கைப் பேசி முடியுங்கள். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாலே போதும். பாட்டு ஓடின பிறகு பேசினால் நட்பு போகும்.

பிறகு ஆதாரம் வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் 2012 முதல் விருப்பப் பதிவு செய்யலாம். பாட்டு பொது இடத்தில் ஒலிப்பதற்கான தொகையை இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு வசூலித்துத் தருவது எம்ஏசிபி என்ற அமைப்பு. உறுப்பினராகி உங்கள் பாட்டைப் பங்கு விவரத்தோடு அங்கே பதிந்துகொள்ளுங்கள்.

19. தமிழ்ப் பாட்டு மட்டும் வாசிச்சா ஷோ கிடைக்குமா?

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கிடைக்கும். ஆண்டு முழுக்க வேண்டுமென்றால் மலாய் ராக்கும் பழகுங்கள். எண்பதுகளின் மலாய் ராக் பேண்டுகளான சர்ச், விங்ஸின் பாட்டுகள் தெரிந்த பேண்டை ஆலை விருந்துக்கும் பள்ளி நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கும் கூப்பிடுவார்கள். பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள் அலிகேட்ஸ் பேண்டில் மலாய்ப் பாட்டு பாடித்தான் நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். பொதுத் திடலில் வாசிக்க நகராண்மைக் கழக உரிமமும் போலீஸ் அனுமதியும் ஏற்பாட்டாளர் எடுத்திருக்கிறாரா என்று முன்பணம் வாங்கும்போதே கேளுங்கள். சுங்கை சிப்புட் என்றால் கோல கங்சார் நகராண்மைக் கழகம்.

20. ஆலையில எட்டு மணி நேரம் இரைச்சல். அப்புறம் ஜேமிங். காது போயிடுமா?

ஆலை இரைச்சல், ஜேமிங் (பேண்டாகச் சேர்ந்து வாசிப்பது) இரண்டையும் ஒரே கணக்கில் கூட்ட வேண்டும். 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறவும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான், மூடிய அறையில் டிரம்ஸ் பக்கம் அது சாதாரணம். ஆலை ஷிஃப்ட் முடிந்த அன்றே ஜேமிங் போட்டால் கணக்கு ஏற்கனவே தீர்ந்திருக்கிறது. ஆலையில் கொடுக்கும் பஞ்சு அடைப்பான் கூர்மையான சத்தத்தை அதிகமாக வெட்டும், அதனால் வாசிக்கும்போது பேஸ் மட்டும் கேட்டு மற்றவை மங்கும். இசைக்காரர்களுக்கான அடைப்பான் எல்லாவற்றையும் ஓரளவு சமமாகக் குறைக்கும். மறுநாள் காலையிலும் காதில் ‘ஙீ’ என்று இருந்தால் அந்த வாரம் ஜேமிங் வேண்டாம்.

21. ரெண்டு பேண்டுல இருக்கேன். ஒரே ராத்திரி ரெண்டு ஷோ விழுந்துருச்சு, எதுக்குப் போறது?

முதலில் வாக்குக் கொடுத்ததற்கு. காசு அதிகம் தருகிறவர் பக்கம் சாய்ந்தால் சின்ன ஊரில் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மற்ற பேண்டுக்கு மாற்று ஆளைத் தேடித் தருவதும் உங்கள் பொறுப்பு. அதற்காக ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கத் தாள் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

அதில் சுருதி, வேகம், நடை மேலே. கீழே வரிசையாக ஒவ்வொரு பகுதிக்கும் கார்டும் எத்தனை சுற்று என்பதும். ராகத்தில் தொடக் கூடாத சுரம் இருந்தால் (கேள்வி 12) சிவப்பு மையில். எங்கே எல்லாரும் நிற்கிறார்கள், யார் கையைப் பார்த்துத் திரும்ப நுழைய வேண்டும், பாட்டு எப்படி முடிகிறது என்பது கடைசி வரியில். மாற்று ஆள் தடுமாறுவது பெரும்பாலும் முடிவில்தான், அதனால் அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.